வியாழக்கிழமை பிறந்த சான்றிதழ்

சென்ற வாரம் மகேஸ்வரி போனில் அழைத்தாள். நான் வேலையை விட்டு வந்த மருத்துவமனையில் கணினிப் பிரிவு இப்போது அவள் கையில் இருக்கிறது.

"அக்கா, இனிமே சர்வர் சர்டிபிகேட்டுக்கெல்லாம் ஆயுச கொறைக்கப் போறாங்களாம். வருசக்கணக்கு போயி வாரக்கணக்கு. நம்ம உள்ளுக்குள்ள வச்சிருக்கிறதையும் அப்பிடியே மாத்திட்டேன். மிசினே தன்னால புதுப்பிச்சுக்கிரும். ஒருத்தர் கையும் படாது."

"அப்ப நல்ல நேரம்?"

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. இருவரும் ஒரே செவ்வாய்க்கிழமையை நினைத்துத்தான் சிரித்தோம். "அதையெல்லாம் எழுதி வைங்கக்கா, புதுசா வந்த பிள்ளைக நம்ப மாட்டேங்குது" என்றாள். உட்கார்ந்திருக்கிறேன். கே.கே. நகரில் பள்ளி விடும் நேரம். தெருவில் ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்தே வழி கேட்கின்றன. ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு இது. நாலு வரிக்கு ஒரு தரம் எழுந்து ஜன்னலுக்குப் போய் வருகிறேன். எழுத்தும் அப்படித்தான் எழுந்து எழுந்து உட்காரும்.

கையெழுத்து என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தது கணினி இல்லை, பச்சை மை. கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது மதிப்பெண் பட்டியலின் நகலில் அரசிதழ் அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அகப்பட்ட ஒரே அரசிதழ் அதிகாரி கால்நடை மருத்துவர். கொட்டகையில் ஒரு பசுவுக்கு ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், நான் வாங்கிய மதிப்பெண்கள் உண்மைதான் என்று எழுதிக் கொடுத்தார். இரவெல்லாம் படித்த நான் சொன்னால் செல்லாது. என்னை அறியாத அவர் சொன்னால் செல்லும். பின்னாளில் அரசாங்கமே மனம் மாறி, அவரவர் நகலில் அவரவரே கையெழுத்திட்டால் போதும் என்றது. எங்கள் தொழிலிலும் அப்படி ஒன்று உண்டு, தனக்குத்தானே கையெழுத்திட்டுக்கொள்ளும் சான்றிதழ். அதைப் பார்த்தால் கணினி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அரசாங்கத்தைவிட அது கறார்.

படிப்பு, பயிற்சி, பல்லைக் கடித்துக்கொண்டு கற்ற ஆங்கிலம், சென்னையில் சில வருடம். இதெல்லாம் எல்லோருக்கும் உள்ள கதைதான். சுற்றுச்சாலையை ஒட்டிய அந்தத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் நம்பிக்கையைக் கட்டிக் காப்பது என் வேலையானது.

அங்கே டைரக்டரி சர்வர் என்று ஒன்று இருந்தது. வேலை பார்க்கும் அத்தனை பேரின் பெயரும் கடவுச்சொல்லும், யார் எந்தக் கதவைத் திறக்கலாம் என்ற விவரமும் அதற்குள். மருந்தகத்துப் புரோகிராமுக்கோ, லேப் புரோகிராமுக்கோ, வார்டுப் புரோகிராமுக்கோ சொந்தமாக ஆள் அடையாளம் தெரியாது. ஒரு நர்ஸ் பெயரைத் தட்டினால் உடனே டைரக்டரியிடம் ஓடி, 'இந்தம்மா இந்தம்மாதானா?' என்று கேட்கும். முன்பெல்லாம் இந்தப் பேச்சு, மாடியிலிருந்து தெருவுக்குக் கத்துவது போல, கம்பியில் திறந்தபடி ஓடியது. தணிக்கைக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். மூடிய பாதை போட்டோம்.

மூடிய பாதையில் முதல் கேள்வி டைரக்டரியைப் பார்த்தே திரும்பும். நீதான் டைரக்டரி என்பதற்கு என்ன அத்தாட்சி? அது தன் சான்றிதழை நீட்டும். கேட்ட புரோகிராம் நிதானமாகப் பார்க்கும். இதில் கையெழுத்திட்டவர் என் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கிறாரா? பெயர் சரியா? தேதி சரியா? ஒன்று பிசகினாலும் வாயைத் திறக்காது.

கையெழுத்திடும் பெரிய மனிதரை நாங்களே உருவாக்கியிருந்தோம். எந்த வலையோடும் சேராத ஒரு பழைய லேப்டாப்பில் அந்தத் தலைமைக் கையெழுத்து குடியிருந்தது. லேப்டாப் ஓர் இரும்பு பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி சுரேந்திரன் சாரின் சாவிக்கொத்தில், அவர் வீட்டுப் பூஜையறைச் சாவிக்குப் பக்கத்தில் தொங்கியது. அந்தக் கையெழுத்தை ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாக அறிமுகம் செய்துவைத்திருந்தோம். சர்வர் ஏற்றுக்கொண்டால் மருந்தகமும் ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணினால் தீர்ந்தது. ஒரே வீட்டில் இருந்தாலும் மருந்தகத்துக்குத் தனி அடுப்பு. அதன் பட்டியலில் தனியாகச் சேர்த்து, புரோகிராமை ஒருதரம் நிறுத்தி எழுப்பினால்தான் புது முகத்தை அது உறவென்று ஒப்புக்கொள்ளும்.

சுரேந்திரன் சார் எங்கள் பிரிவின் தலைவர். மகால் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா சுங்கடிச் சேலைக்குச் சாயம் போட்டவர். வீட்டிலிருந்து போன் வந்தால் சார் சௌராஷ்டிரத்துக்குத் தாவிவிடுவார். குரல் பாதியாகக் குறைந்து இளகிவிடும். எங்களிடம் பேசும்போது அந்த இளக்கம் இருக்காது. கீபோர்டைத் தொட மாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வார். நாம் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்விதான்.

"யாரு சொன்னா?"

'சார், டிஸ்க் நிறைஞ்சிருச்சு.' யாரு சொன்னா? 'சார், மழை வரப் போகுது.' யாரு சொன்னா? சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று ஏறிக்கொண்டே போவார். கம்பெனிக்காரர்களை நம்ப மாட்டார். கணினித் திரையை நம்ப மாட்டார். டாக்டர்களைச் சுத்தமாக நம்ப மாட்டார். உலகத்தில் அவர் கேள்வி கேட்காமல் நம்பிய ஒரே பொருள் அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய தினசரி காலண்டர். காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தாளைக் கிழிப்பார். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், நட்சத்திரம் எல்லாவற்றையும் உதடு அசையப் படிப்பார். சர்வரில் எதை மாற்றினாலும் அதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் 'நேரம்' என்ற கட்டத்தை அவர் மட்டுமே நிரப்புவார்.

அந்த வருடச் சித்திரையில் டைரக்டரியின் சான்றிதழுக்கு ஆயுள் முடியும் தறுவாய். புதிது போட வேண்டும். மகேஸ்வரிக்கும் ஆயுள் முடியும் தறுவாய், வேலையில்தான். பேரையூருக்கு அந்தப் பக்கத்துப் பெண். அவள் தாத்தா காலம் வரை பிறர் காட்டில் கூலி வேலை. அப்பா காலத்தில் கொஞ்சம் பருத்திக் காடு. அவள் காலத்தில் இஞ்சினியரிங். குடும்பத்திலேயே முதல் மாதச் சம்பளம். ஆனால் ஒப்பந்த வேலை, சித்திரையோடு கெடு. நிரந்தர ஆணை தயாராகி, மருத்துவமனையின் தலைவரான பெரிய டாக்டரம்மா மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. அதுவரை ஒரு சின்னப் பேச்சும் வாங்கிவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினாள்.

செவ்வாய்க்கிழமை. அன்று மாலை தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, மறுநாள் அவர் ஆற்றில் இறங்குகிறார். நான் காலையில் எங்கள் கிளை கிளினிக்கில் ஒரு பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கணினி அறையில் நடந்ததை மகேஸ்வரி சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

"இன்னைக்கே முடிச்சிரணும்மா" என்றிருக்கிறார் சார். "நாளைக்கி ஒரு பய உள்ள வர முடியாது. நானும் வெள்ளிக்கெழமதான் வருவேன். ஆனா சர்டிபிகேட்டு செவ்வாய்க்கெழம பொறந்ததா இருக்கக் கூடாது."

"அப்ப எப்பிடி சார்?"

"வியாழக்கெழம காலைல ஒம்பதே காலுக்கு அருமையான நேரம், சுவாதி நட்சத்திரம். லேப்டாப்புல தேதிய அங்க தள்ளி வச்சிட்டுக் கையெழுத்தப் போடு. அது ஊரு உலகத்தோட சேராத மிசினு. நாம சொல்றதுதான் அதுக்கு நேரம்."

"சார், அப்பிடிப் போட்டா வியாழக்கெழம வரைக்கும் அது செல்லாதே சார்."

"யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள்? மகேஸ்வரிதான் சொன்னாள். அவளுக்குப் பின்னால் பச்சை மை ஏதும் இல்லை. தேதியைத் தள்ளினாள். வியாழக்கிழமை காலையில் பிறந்த சான்றிதழ் ஒன்று செவ்வாய்க்கிழமை காலையில் கைக்கு வந்தது. டைரக்டரியில் ஏற்றினார்கள். பழையதையும் அதன் ரகசியச் சாவியையும் அழித்துவிடச் சொன்னார் சார்.

"பழசும் புதுசும் ஒரே வீட்டுல கெடக்கக் கூடாதும்மா."

அழித்தாள். நகல் மட்டும் ஒரு பென்டிரைவில் இருந்தது. பென்டிரைவ் பீரோவில் இருந்தது. சார் பீரோவைப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அழகரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் கொஞ்ச நேரம் தம் கட்டின. மதியத்துக்கு மேல் ஒவ்வொன்றாக மூடித் திறந்தபோது புது முகத்தைப் பார்த்து அடைத்துக்கொண்டன. முதலில் மருந்தகம், அப்புறம் லேப், பிறகு வார்டுகள். யாரும் உள்ளே நுழைய முடியவில்லை. நான் திரும்பி வந்தபோது தலைமை நர்ஸ் ஸ்டெல்லா கணினி அறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வாங்க தாயி. உங்க மிசினு என்னயவே யாருன்னு கேக்குது. இந்தக் கட்டடத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிறதுக்கு முந்தி வந்தவ நான்."

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர்."

"நாங்க பேப்பர்ல எழுதிப் பொழச்சுக்கிருவோம். நீங்க ஏசில பொறுமையா தூங்கி எந்திரிச்சு வாங்க."

சான்றிதழைத் திறந்து பார்த்தேன். கையெழுத்து சரி. பெயர் சரி. செல்லத் தொடங்கும் நாள், வியாழக்கிழமை. மகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடைசியில், "நான்தானக்கா கீய அமுக்குனேன். என் பேருதான லாக் பதிவேட்டுல இருக்கும்" என்றாள்.

சென்னையிலிருந்த மருந்தகப் புரோகிராம் கம்பெனிக்காரர் போனில் உற்சாகமாக வழி சொன்னார். "மேடம், செட்டிங்ஸ்ல 'எல்லாச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்'னு ஒரு டிக் இருக்கும். போட்டு விட்டுருங்க, எங்க கஸ்டமர் பாதிப் பேரு அப்பிடித்தான் ஓட்டுறாங்க." அந்த டிக்கைப் போட்டால் நடுவில் எவன் டைரக்டரி வேடம் கட்டி நின்றாலும் அத்தனை கடவுச்சொல்லையும் அவன் மடியில் கொட்டிவிடும். அதுவும் திருவிழா அன்று, ஊரே வேடம் கட்டி நிற்கிற நாளில். மறுத்துவிட்டேன். புதிதாக ஒரு தலைமைக் கையெழுத்தை உருவாக்கலாம். ஆனால் எல்லாப் புரோகிராமுக்கும் அதை மறுபடி அறிமுகம் செய்து முடிக்க மறுநாள் ஆகிவிடும். பீரோவை உடைக்கலாமா என்று காவலரைக் கேட்டேன். பிரிவுத் தலைவர் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும் என்றார். பிரிவுத் தலைவர் தல்லாகுளத்தில் இருந்தார். அவருடைய போனை லட்சம் பேரின் கூச்சல் விழுங்கிக்கொண்டிருந்தது.

நல்ல வேளை, எதிர்சேவைக் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனையின் முதலுதவி ஆம்புலன்ஸ் நின்றது. டிரைவர் பாண்டிக்குப் போன் போட்டேன்.

"யாரு, பீரோ சாரா? இந்தக் கூட்டத்துல எங்கிட்டுன்னு தேடுறது அக்கா? இருங்க, மைக் செட்டுல ஒரு மாப்ள இருக்கான்."

போனை அணைக்க மறந்துவிட்டான். அதன் வழியாகவே ஒலிபெருக்கி கேட்டது. பச்சைச் சட்டை போட்ட குழந்தை ஒன்று அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் உடனே வரவும். அடுத்து, "ஆஸ்பத்திரி பீரோ சாவியோட சாமி கும்பிட வந்திருக்கிற மகால் பக்கத்துச் சுரேந்திரன் எங்க இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸுக்கு வரவும்! சாவிய பத்திரமா கொண்டு வரவும்!" கூட்டம் கோவிந்தா போட்டது. குழந்தைக்கா, சாருக்கா, அழகருக்கா என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு வந்தது. ஸ்டிரெச்சர் எடுத்து ஓடி வந்த ஆட்கள் பின்கதவைத் திறந்தால், உள்ளே மஞ்சள் வேட்டியில் சார். ஒரு கையில் அழகருக்கு எடுத்துப்போன சர்க்கரைச் சொம்பு, அதில் அணைந்துபோன திரி. இன்னொரு கையில் சாவிக்கொத்து.

"ஊருக்கே கேக்குற மாதிரி என் பேர மைக்குல சொல்லிட்டானுக" என்றார். கோபமா பெருமையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நிலைமையைச் சொன்னேன். சான்றிதழின் தேதியைத் திரையில் காட்டினேன். குனிந்து பார்த்தார். வழக்கமான கேள்வி வரவில்லை. மகேஸ்வரி பக்கம் திரும்பவும் இல்லை. பீரோவைத் திறந்து பென்டிரைவை எடுத்தார். பழைய சான்றிதழின் நகல் அதில்தான். செருகினேன். அது திறக்கவில்லை. எந்த ஆயுதபூஜையிலோ அதன் வாயில் அப்பிய சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

"அப்ப புதுசுதான் சார் போடணும். இப்பவே" என்றேன்.

சார் காலண்டரைப் பார்த்தார். "செவ்வாய்க்கெழமம்மா."

"சார், வார்டு பூரா..."

"தெரியுதும்மா. தெரியுது. ஆனா செவ்வாய்க்கெழம." சொம்பை இறுகப் பிடித்திருந்தார். அந்த முகத்தில் பிடிவாதம் இல்லை, பயம்தான் இருந்தது. ஒரு வருடம் முழுக்க எத்தனையோ பேரின் உயிர் விவரம் ஓடப் போகிற பாதைக்குக் கெட்ட நேரத்தில் கால் ஊன்ற அவர் மனம் துணியவில்லை. எனக்கு வாய் வரை வந்த கடுஞ்சொல் அங்கேயே நின்றுவிட்டது.

மூலையிலிருந்து மகேஸ்வரியின் குரல் வந்தது. "சார், நேத்து திங்கக்கெழம. காலைல நல்ல நேரம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. அதுக்கென்ன?"

"வரப்போற தேதிக்குத் தள்ளுனாத்தான் மிசினு செல்லாதுங்கும். போன தேதிக்குத் தள்ளுனா ஒண்ணும் சொல்லாது சார். நேத்து காலைல பொறந்ததா போட்டுருவோம். நமக்கும் நல்ல நேரம், அதுக்கும் நல்ல நேரம்."

சார் ஒரு தரம் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தார். 'யாரு சொன்னா' வரப் போகிறது என்று நான் பல்லைக் கடித்தேன்.

"போடும்மா" என்றார்.

லேப்டாப்பின் கடிகாரம் திங்கட்கிழமைக்குப் போனது. கையெழுத்து விழுந்தது. டைரக்டரியில் ஏற்றினோம். மருந்தகம் பெயரைப் பார்த்தது, கையெழுத்தைப் பார்த்தது, தேதியைப் பார்த்தது, வழிவிட்டது. சார் எல்லோருக்கும் அழகரின் சர்க்கரையைக் கொடுத்தார். சர்வர் ரேக்கின் மேலும் ஒரு சிட்டிகை வைத்தார். எறும்பு வரும் என்று நான் சொல்லவில்லை. யாரு சொன்னா என்று கேட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. பெரிய டாக்டரம்மா மேசைக்குப் பின்னால். மேசையில் மகேஸ்வரியின் நிரந்தர ஆணை, இன்னும் கையெழுத்தில்லாமல். அதன் மேல் யார் என்ன செய்தார்கள் என்ற லாக்கின் அச்சு. அதில் ஒரே பெயர்.

"யாரும்மா மகேஸ்வரி?"

"நான்தான் மேடம்."

நான் முந்திக்கொண்டு தேதி, கையெழுத்து, நம்பிக்கைப் பட்டியல் என்று விளக்க ஆரம்பித்தேன். டாக்டரம்மா கையமர்த்தினார். அப்போது சார் எழுந்தார்.

"அந்தப் பொண்ணு அப்பவே சொல்லுச்சு மேடம், செல்லாதுன்னு. நான்தான் கேக்கல. வியாழக்கெழம ஒம்பதே கால்னு நேரம் குறிச்சது நான்."

நான் மூச்சை விட்டேன். மகேஸ்வரி விடவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவர் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான்.

"வியாழக்கெழமையா? என்ன நட்சத்திரம்?"

"சுவாதி மேடம்."

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு பஞ்சாங்கத்தை எடுத்தார். புரட்டினார். "நீங்க பாக்குறது வாக்கியமா, திருக்கணிதமா?"

"வாக்கியம் மேடம். எங்க வீட்டுல அதுதான்."

"அதான். திருக்கணிதப்படி விடியக்காலையே சுவாதி முடிஞ்சு விசாகம் வந்தாச்சு. இந்த ஆஸ்பத்திரிக்குக் கடகால் போட்டதுல இருந்து எல்லாம் திருக்கணிதம். அப்பறம் எப்பிடி வேல செய்யும்?" கொஞ்சம் பின்னோக்கிப் புரட்டினார். "திங்கக்கெழம... உத்திரம் போயி அஸ்தம். எதுல பாத்தாலும் நல்லதுதான். பாத்தீங்களா, அது வேல செஞ்சிருச்சு."

காரணமும் தீர்வும் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் என் மூளையின் ஒரு மூலை அந்த அம்மாவுக்குத் தலைவணங்கியது. அவர் செய்தது மருந்தகப் புரோகிராம் செய்கிற அதே வேலைதான். நேரம் சரி, பெயர் சரி. கையெழுத்திட்ட பஞ்சாங்கம் அவர் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை.

"இந்தப் பொண்ணு என்ன செய்யும், குடுத்த நேரத்துக்குச் செஞ்சிருக்கு" என்று நிரந்தர ஆணையைக் கையில் எடுத்தார். பேனாவைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூடிவிட்டார். "பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். அப்பறமா வந்து வாங்கிக்கோம்மா."

வெளியே மரத்தடியில் பன்னிரண்டு அடிக்கக் காத்து நின்றோம். மகேஸ்வரி தன் செருப்பு நுனியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். நான் பொரிந்து தள்ளினேன். இம்புட்டுத் தூரம் வந்து விளக்கியும் ஒருவருக்கும் உண்மை வேண்டாமே என்றேன்.

"சார் சொல்லிட்டாருல்லக்கா" என்றாள்.

"அந்தம்மா காதுலயே வாங்கல."

"என் காதுல விழுந்துச்சுல்ல."

பன்னிரண்டரைக்குக் கையெழுத்தானது. டாக்டரம்மா எழுதியது பச்சை மையில் இல்லை. சாதாரண நீலம்தான். மாற்றப் படிவத்தில் 'நேரம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'எந்தப் பஞ்சாங்கம்' என்று புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. சார் ஓய்வு பெறும் வரை எல்லோரையும் யாரு சொன்னா என்றுதான் கேட்டார். மகேஸ்வரியை மட்டும் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்கள் வந்து எதையாவது விற்கப் பார்த்தால், "அந்தப் பிள்ளைட்ட கேளுங்க, அது சொன்னாச் சரி" என்று கையைக் காட்டிவிட்டுக் காலண்டர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போனை வைக்கப் போகும்போது மகேஸ்வரி இழுத்தாள்.

"ஒண்ணு மட்டும் பண்ணிருக்கேன்க்கா. மிசினு எப்ப வேணா புதுப்பிச்சுக்கிரட்டும், ராகு காலத்துல மட்டும் தொடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன்."

"யாரு சொன்னா?" என்றேன்.

அவள் ஒரு கணமும் தயங்கவில்லை. "நான்தான்க்கா சொன்னேன்."